பின்னால் நிற்க ஒரு ஆள்

"டீச்சர், பின்னால யாரும் நிக்காம வண்டிய ரிவர்ஸ்ல போடக் கத்துக்குடுங்க."

தவசிலிங்கம் அண்ணாச்சி வந்ததும் வராததுமாகக் கேட்டது இதைத்தான். ஒரு வணக்கம் கிடையாது, சாப்பிட்டீங்களா கிடையாது.

டிரைவிங் ஸ்கூல் ஜெசிந்தா டீச்சர் பொரிகடலை தின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சிக்கு மகள் வயது இல்லாவிட்டாலும் தங்கச்சி வயதுதான் இருக்கும். ஆனாலும் புளியங்குடியில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அதனால் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

"இத்தனை நாளும் பின்னால நின்ன ஆள் எங்க அண்ணாச்சி?"

அண்ணாச்சி மீசையைத் தடவினார், வானத்தைப் பார்த்தார்.

அந்தப் பதிலை நான் சொல்கிறேன். இந்த ஊரில் அது தெரியாத ஆளே கிடையாது.

அண்ணாச்சி எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறார். முன்பு ஒரு சின்ன லோடு ஆட்டோ இருந்தது, அது எந்தச் சந்திலும் நுழையும். மச்சினன் கார் வாங்கினான் என்று கேள்விப்பட்டதும் இவருக்கு ஆட்டோ கசந்துவிட்டது. நேரே போய் ஒரு டபுள் கேபின் பிக்கப் வாங்கிவிட்டார். முன்னால் குடும்பமே உட்காரலாம், பின்னால் மூட்டை அடுக்கலாம், நல்ல வண்டி. ஆனால் அண்ணாச்சி வீட்டு வாசலைவிட அது நீளம்.

ஊர் அதற்குத் தேர் என்று பேர் வைத்தது. அது தெருவில் திரும்பினால் டீக்கடையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க மாட்டான். எல்லாரும் எழுந்து வந்துவிடுவார்கள். ஒருவர் ஸ்டியரிங்க நல்லா ஒடிச்சு வாங்க என்பார். இன்னொருவர் ஒடிக்காதீங்க, நேராக்கிட்டு வாங்க என்பார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர் நடுவில் நின்று கையை ஆட்டுவார்.

அண்ணாச்சி இவர்கள் யாரையும் மதிக்கமாட்டார். ஆவுடை அக்காவைத்தான் இறங்கி நிற்கச் சொல்வார். அவர் வீட்டுக்காரி. அவள் பேச்சைக் கேட்பார் என்று நான் சொல்லவில்லை. நிற்கச் சொல்வார், அவ்வளவுதான்.

அப்படித்தான் அக்காவின் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போனார்கள். மண்டபத்து வாசலில் இரண்டு காருக்கு நடுவே கொஞ்சம் இடம் கிடந்தது. அக்கா பட்டுச்சேலையோடு இறங்கிப் பின்னால் நின்றாள். வாங்க வாங்க என்றாள். அப்புறம் நில்லுங்க என்றாள். வண்டி நிற்கவில்லை. அக்கா ஒதுங்கிக்கொண்டாள். வாசலில் கட்டியிருந்த வாழைமரம் சாய்ந்தது. மாப்பிள்ளை பெண் பேர் ஒட்டின தெர்மாகோல் போர்டும் சேர்ந்து போய்விட்டது.

அண்ணாச்சி இறங்கினார். அக்காவின் அண்ணன் தம்பி, சித்தி பெரியம்மா, எல்லாரும் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் கேட்டார்.

"ஒனக்குக் கண்ணு எங்கட்டி இருக்கு?"

அக்கா சேலையில் ஒட்டியிருந்த தெர்மாகோல் பொடியைத் தட்டிவிட்டாள். உள்ளே போய்ச் சாப்பிட்டாள். திரும்பும்போது மினிபஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அன்றைக்கு மினிபஸ்ஸில் ஏறியவள்தான். கோயிலுக்கு மினிபஸ், ஆஸ்பத்திரிக்கு மினிபஸ். வீட்டில் ஒரு குறையும் இல்லை. சோறு போடுவாள், காபி கொடுப்பாள், பேச வேண்டியதைப் பேசுவாள். அந்த வண்டியில் மட்டும் ஏறமாட்டாள். சண்டை போட்டாலாவது சமாதானம் பேசலாம். இதற்கு என்ன செய்ய?

இப்போது மகளுக்கு வளைகாப்பு வந்துவிட்டது. சங்கரன்கோவிலில் சம்பந்தி வீட்டில், வருகிற வெள்ளிக்கிழமை. அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டாள். நீங்க வண்டியில போங்க, நான் சீர்த்தட்டோட பஸ்ல வாரேன் என்று.

பெற்ற தாய் வளையல் தட்டும் பலகாரச் சட்டியுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்க, அப்பா மட்டும் தேரில் போய் இறங்கினால் எப்படி இருக்கும்? ஊர் சிரிப்பாய்ச் சிரிக்கும். மகளுக்கு அது எத்தனை காலத்துக்குக் குத்திக்காட்டலாக இருக்கும் என்று நினைத்து அண்ணாச்சிக்குத் தூக்கம் வரவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அக்காவுக்கு என்ன வருத்தம்? இறங்கிப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம். பின்னால் யாருமே நிற்க வேண்டாம் என்றால் அவள் பேசாமல் முன் சீட்டில் உட்கார்ந்து வரலாம் அல்லவா?

இதுதான் அண்ணாச்சி கணக்கு. அதற்குத்தான் டீச்சரிடம் வந்தார்.

டீச்சர் எல்லாம் தெரிந்தவர் மாதிரி தலையாட்டினார். நாளைக்கு மாட்டுச்சந்தை மைதானத்துக்கு வண்டியோடு வரச் சொன்னார்.

*

மைதானத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் வண்டி நுழையும் அளவுக்கு இடைவெளி. டீச்சர் மூன்றாவது நாற்காலியை எட்டப் போட்டு உட்கார்ந்தார். மடியில் பொரிகடலைப் பொட்டலம்.

"அதுக்குள்ள போடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி ஏறினார். சாவியைத் திருப்பியதும் பாட்டு அலறியது. மைதானத்தில் மேய்ந்த ஆடெல்லாம் நிமிர்ந்து பார்த்தன. வண்டி பின்னால் வந்தது. நாற்காலி ஒன்று காலி.

டீச்சர் எழுந்து வந்து, உள்கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"மீசை."

மீசையைப் பார்ப்பதற்குத் தோதாக அதைத் திருப்பி வைத்திருந்தார். வெளிக்கண்ணாடிகள் இரண்டும் மடங்கிக் கிடந்தன. விரித்தால் தெருவில் இடிக்கிறதாம், அதனால் வாங்கிய நாளிலிருந்து மடக்கியே வைத்திருக்கிறாராம்.

சரி, இந்த வண்டியில் பின்னால் பார்க்கக் கேமரா உண்டே என்றார் டீச்சர். அண்ணாச்சி முன்னாலிருந்த திரையைக் காட்டினார். திரை முழுக்க மஞ்சள். ஆயுதபூஜையிலிருந்து அப்படித்தான் இருக்கிறது, கம்பெனிக் கோளாறு, இந்தக் காலத்தில் எதை நம்பி வாங்க என்று அலுத்துக்கொண்டார்.

டீச்சர் வண்டிக்குப் பின்னால் போனார். குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அண்ணாச்சி, இங்க வாங்க. இது என்ன?"

"பொட்டு."

"எதுக்கு மேல?"

"ஏதோ குமிழு."

"இதுதான் கேமரா."

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். மொச்சைக்கொட்டை அளவில் இருந்த அந்தக் கண்ணுக்குச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்.

டீச்சர் இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்தார். அண்ணாச்சி பதறிப்போய்க் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். அது சாமிக்கு வைத்த பொட்டு. தன்னால் உதிர வேண்டும், நாமாகத் துடைத்தால் குற்றம்.

"தன்னால உதிர விடுதீயளா?"

"எங்க விட? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புதுசு வச்சிருவேன்லா."

டீச்சர் துணியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சரி, இருக்கட்டும். இன்னைக்குப் பாடம் முடிஞ்சுது."

"எனக்கு ஒண்ணும் நடத்தலியே டீச்சர்."

"நாற்காலிக்கு நடந்துது" என்று சொல்லிவிட்டு டீச்சர் உடைந்த காலைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

*

மறுநாள் டீச்சர் மண்டிக்கே வந்துவிட்டார். மண்டி வாசலில் ஒரு பக்கம் கரண்டுக் கம்பம், மறுபக்கம் டீக்கடை, பின்னால் சுவரை ஒட்டி எலுமிச்சை மூட்டைகள். அந்த இடைவெளியில்தான் வண்டி நிற்க வேண்டும்.

"இன்னைக்கு நான் ஓட்டுதேன். நீங்க பின்னால நில்லுங்க."

அண்ணாச்சிக்கு ஏகச் சந்தோஷம். ஓட்டுவதுதானே கஷ்டம், நின்று கையாட்ட என்ன வித்தை வேண்டியிருக்கிறது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டைகளுக்கு முன்னால் நின்றார். டீக்கடை கூடிவிட்டது.

டீச்சர் சாவியைத் திருப்பினார். பாட்டு கிளம்பியது. வண்டி பின்னால் நகர்ந்தது.

அண்ணாச்சி கையை வீசி வீசி வாங்க வாங்க என்றார். வண்டி வந்தது. ரொம்பப் பெரிய வண்டி. இத்தனை பெரிதென்று அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அது தெரியவில்லை.

புகை காலில் சுட்டது. நில்லுங்க என்றார். வண்டி வந்தது. நில்லுங்கம்மா என்று கத்தினார். அப்பவும் வந்தது. ஒதுங்கலாம் என்றால் ஒரு பக்கம் கம்பம், ஒரு பக்கம் ஜனம். பின்கதவை இரண்டு கையாலும் அறைந்தார். முதுகு மூட்டையில் போய் அழுந்தியது. பழம் நசுங்கிச் சட்டை நனைந்தது.

வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது.

டீச்சர் மெதுவாக இறங்கி வந்தார். டீக்கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் முன்னால் கேட்டார்.

"உங்களுக்குக் கண்ணு எங்க அண்ணாச்சி இருக்கு?"

டீக்கடை கொல்லென்று சிரித்தது.

"நான் நில்லுங்கன்னு சொன்னேம்லா. தொண்டை கிழியக் கத்துனேம்லா டீச்சர்."

"கேக்கலியே. பாட்டு ஓடுச்சு."

அண்ணாச்சி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எந்தச் சத்தத்தில் வைத்திருந்தாரோ அதே சத்தத்தில்தான் ஓடியது. டீச்சர் அதைத் தொடவே இல்லை.

அவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. பேரன் பேத்தி எடுக்கப்போகிற ஆள், மண்டி வாசலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். எலுமிச்சைச் சாறு கண்ணில் பட்டுவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். யாரும் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா வளைகாப்புக்கு அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல நினைத்து வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று.

"அன்னைக்கு மண்டபத்துல... நில்லுங்கன்னு சொன்னியோ?"

"சொன்னேன்."

"எத்தன தடவ?"

"வாழமரம் விழுற வரைக்கும்."

அக்கா அதிரசத்தைத் திருப்பிப் போட்டாள். அண்ணாச்சி வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேதான் வருகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

*

வியாழக்கிழமை அண்ணாச்சி வண்டி இல்லாமல் நடந்தே மைதானத்துக்குப் போனார். கோபமாகத்தான் போனார். ரெண்டு நாளாகப் பாடம் என்கிறீர்கள், ஒரு நாற்காலியும் ஒரு மூட்டைப் பழமும் போனதுதான் மிச்சம், அவள் இன்னமும் பஸ் என்கிறாள் என்று பொரிந்து தள்ளினார்.

டீச்சர் கடலையை மென்று முடித்தார்.

"நம்ம ஊர்க் கோயில் தேருக்கு ஸ்டியரிங் எங்க இருக்கு அண்ணாச்சி?"

"தேருக்கு ஏது ஸ்டியரிங்? சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுதவன்தான் திருப்புவான்."

"அவன் எங்க நிப்பான்?"

"சக்கரத்துக்கிட்ட."

"ஆயிரம் பேர் வடம் பிடிச்சு இழுக்கான். அந்த ஒத்த ஆள் கையத் தூக்குனா?"

"நின்னுரும். நிக்கணும்லா. இல்லைன்னா அவன் கால் போயிரும்."

டீச்சர் பொட்டலத்தை நீட்டினார். அண்ணாச்சி ஒரு பிடி கடலை எடுத்துக்கொண்டார். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்து பார்த்தார். டீச்சர் அடுத்த பிள்ளைக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார்.

வண்டியைப் பற்றிக் கேட்டால் தேரைப் பற்றிப் பேசுகிறாள், என்ன டீச்சரோ என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். கடலையை மட்டும் தின்றுவிட்டார்.

*

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா தட்டுகளையும் அதிரசச் சட்டியையும் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டாள். அண்ணாச்சி தனியாகப் புறப்பட்டார்.

அன்றைக்கு வண்டியில் பாட்டு இல்லை. வெளிக்கண்ணாடி இரண்டும் விரிந்திருந்தன. வழியில் பார்த்தவர்கள் வேறு யாரோ ஓட்டிப்போகிறார்கள் என்று நினைத்தார்கள்.

சம்பந்தி வீடு ஒரு குறுகின தெருவில் இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி வண்டி தெருவில் நுழைந்ததும் வீடே வெளியில் வந்துவிட்டது. சம்பந்தி, அவர் தம்பிமார், சமையல்காரர், மேளக்காரர். மேளக்காரர் கையில் இருந்த குச்சியாலேயே வழி காட்டினார். ஒடிங்க, ஒடிக்காதீங்க, நேராக்குங்க, வாங்க, வரலாம், தாராளமா வரலாம்.

அண்ணாச்சி என்ஜினை அணைத்துவிட்டார்.

வண்டி தெருவுக்குக் குறுக்கே நின்றது. இந்தப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ, அந்தப் பக்கம் பால் வண்டி, இரண்டும் ஆரன் அடிக்கின்றன. சம்பந்தி ஓடிவந்து என்ன ரிப்பேரா என்று கேட்டார்.

"ஆவுடை வந்து சொல்லட்டும்."

"அவங்க உள்ள வளையல் அடுக்கிட்டு இருக்காங்க. நாங்க இத்தன பேர் நிக்கோம்லா?"

"அவ வரட்டும்."

உள்ளே போய்ச் சொன்னார்கள். அக்கா கையில் சந்தனத்தோடு வந்தாள். சம்பந்தி சனம் மொத்தமும் வாசலில் நிற்கிறது. அண்ணாச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"நீ நின்னு சொன்னாத்தான் எடுப்பேன். அன்னைக்குக் கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்புதான்."

அக்கா அவரைப் பார்த்தாள். வண்டிக்குள் பாட்டு ஓடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றாள்.

வண்டிக்குப் பின்னால் நிற்கவில்லை. கண்ணாடியில் தெரிகிற மாதிரி, பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நின்றாள். அண்ணாச்சிக்கு ஊர்த்தேர் ஞாபகம் வந்தது.

"வாங்க" என்றாள் அக்கா. வண்டி ஆமையாக நகர்ந்தது.

"இன்னும்." நகர்ந்தது.

"நில்லுங்க."

வண்டி அப்படியே நின்றது.

சம்பந்தி பின்னால் போய் எட்டிப் பார்த்தார். பின்னால் இன்னும் ஒரு மாட்டுவண்டி நிற்க இடம் கிடந்தது. வண்டியின் மூக்கு நடுத்தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது. பக்குவமாகச் சொன்னார், எடம் நெறையக் கெடக்கு அண்ணாச்சி, இன்னும் தாராளமா வரலாம் என்று.

"அவ நில்லுன்னுட்டா" என்றார் அண்ணாச்சி. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று முழுக்க அந்தத் தெருவில் போனவர் வந்தவர் எல்லாரும் வண்டிக்காரரை ஏசிவிட்டுத்தான் போனார்கள். அத்தனையும் பந்தியில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி காதில் விழுந்தது. அவர் இன்னொரு கரண்டி எலுமிச்சைச் சாதம் வாங்கிக்கொண்டார். மகள் கையில் வளையல் போட்டுக்கொண்டிருந்த ஆவுடை அக்காவுக்கு மட்டும் சிரிப்பு தாங்கவில்லை. என்னம்மா என்று மகள் கேட்டாள். ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

சாயங்காலம் காலித் தட்டுகளும் சந்தனக் கிண்ணமுமாக அக்கா வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே வந்து முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

கொஞ்சதூரம் போனதும் பாட்டு எங்கே என்று கேட்டாள்.

"அணைச்சிட்டேன்."

"போடுங்க. பின்னால எடுக்கையில மட்டும் அணைச்சாப் போதும்."

*

புளியங்குடிக்குள் நுழையும்போது மைதானத்தில் டீச்சர் நிற்பது தெரிந்தது. அண்ணாச்சி வண்டியை ஓரம் கட்டி இறங்கினார்.

டீச்சர் முன் சீட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். அக்காவும் அசைத்தாள். டீச்சர் இடுப்பிலிருந்த துணியை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"பின்னால யாரும் நிக்காமப் போடணும்னீயளே. அந்தக் கேமராவத் தொடைங்க, எல்லாம் தெளிவாத் தெரியும். அதுக்கு வேற வித்தை ஒண்ணும் கெடையாது."

அண்ணாச்சி துணியை வாங்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். குனிந்து பார்த்தார். போன வாரத்துப் பொட்டு காய்ந்து, பாதி உதிர்ந்துபோயிருந்தது. இன்று காலை இருந்த பதற்றத்தில் புதுசு வைக்க மறந்திருந்தார். இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் மிச்சமும் விழுந்துவிடும்.

நிமிர்ந்தார். பின்கண்ணாடி வழியாக அக்காவின் தலை தெரிந்தது. வளைகாப்புத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி துணியை மடித்து டீச்சர் கையில் கொடுத்தார். முன்பக்கம் வந்து ஜன்னலைத் தட்டினார்.

"ஏட்டி, அந்தச் சந்தனக் கிண்ணத்தைக் குடு."